ஜன்னல் பதினைஞ்சு நிமிஷம் திறக்காது

ஆமா தம்பி, நான்தான் சாத்துனேன். தட்டாதீங்க. எவ்வளவு தட்டினாலும் உள்ள இருந்து யாரும் வந்து திறக்கப் போறதில்ல. திறக்க வேண்டிய ஆளு இதோ, பெஞ்சுல உக்காந்திருக்கேன். போர்டு தொங்குது பாருங்க. பதினைஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு என் கையாலதான் எழுதி மாட்டியிருக்கேன். பதினொண்ணு அம்பதுக்குச் சாத்துனேன். பன்னெண்டு அஞ்சுக்குத் திறப்பேன்.

இல்ல, உள்ள வேற யாரும் இல்ல. இன்னிக்கு இந்த பிளட் பேங்க்ல நான் ஒருத்திதான். கூட இருக்குற மீசைக்காரர் ரத்த தான முகாமுக்குப் போயிருக்காரு. போன் பண்ணிட்டேன், கிளம்பிட்டாராம். அவர் வந்து சேரட்டும்.

அவசரமா? தம்பி, இந்தக் கட்டடத்துல அவசரம் இல்லாத ஆளு யாரு சொல்லுங்க. உசுருக்கு ஆபத்துன்னு யாராவது வந்து விழுந்தா, கேஷுவாலிட்டியிலயே நாலு பை தனியா வச்சிருக்கோம். யாருக்கு வேணும்னாலும் ஏத்துற ரத்தம். அதுக்கு இந்த ஜன்னல் வேண்டாம். உங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு மணிக்குத்தான் ஆபரேஷன். எனக்கு எப்படித் தெரியும்னா? பேப்பரை நான்தானே வாங்குனேன். ரெண்டாவது பிரசவம், நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு, ரத்தத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கத்தியைத் தொடுவாங்க. எல்லாம் தெரியும். மேல வார்டு சிஸ்டர்கிட்டயும் பேசிட்டேன். நான் சொல்ற வரைக்கும் உங்க வீட்டம்மாவைத் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போக மாட்டாங்க. இப்ப தூங்குறாங்களாம். பக்கத்துல உங்க மாமியார் இருக்காங்களாம்.

உக்காருங்க. நீங்க நின்னா எனக்கும் நிக்கணும் போல இருக்கு. காலையில ஏழு மணியில இருந்து இப்பத்தான் முதுகைச் சாய்க்கிறேன்.

புகாரா? தாராளமா. இந்த வராந்தா கடைசியில ரூம் நம்பர் ஆறு. ஆனா ஆபீசர் மீட்டிங்ல இருக்காரு. அவர் வர்றதுக்குள்ள நானே ஜன்னலைத் திறந்துருவேன். நீங்க எழுதுறதா இருந்தா பேனா நான் தர்றேன். உங்களுக்கு முன்னாடி ஒம்போது பேரு எழுதியிருக்காங்க என்மேல. பத்தாவதா நீங்க இருந்துட்டுப் போங்க.

பசி வேற. காலையில ரெண்டு வாய் சாப்பிட்டது.

கோபமா பாக்குறீங்க. பாருங்க. நானும் இப்படித்தான் ஒருத்தரைப் பாத்தேன், மூணு வருஷத்துக்கு முன்னாடி. உங்களை விட மோசமா.

எனக்கு இங்க ஒரு பேரு இருந்துச்சு. மெஷின். ஆபீசர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, மெஷின் வந்தாச்சா, மெஷின்கிட்ட குடுங்கன்னு. எனக்கு அதுல அவ்வளவு பெருமை. காலையில ஸ்டூல்ல ஏறினேன்னா ரெண்டு மணிக்குத்தான் இறங்குவேன். தண்ணி பாட்டில் கொண்டு வருவேன், மூடியைத் திறக்காம வீட்டுக்குக் கொண்டு போவேன். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமே. ரெண்டு தடவை யூரின்ல இன்ஃபெக்ஷன் வந்து ஊசி போட்டுக்கிட்டு, அந்த ஊசியைப் போட்டுக்கிட்ட கையோட வந்து ஸ்டூல்ல ஏறி உக்காந்தவ நான். எம்பொண்ணு கேலி பண்ணுவா, அம்மா நீ பாத்ரூம் போறதுக்கே லீவு லெட்டர் எழுதுவ போல இருக்குன்னு. அவ அப்ப பன்னெண்டாவது. முக்கா மணி நேரம் படிப்பா, எந்திரிச்சுப் போயி மொட்டை மாடியில பத்து நிமிஷம் சும்மா நடப்பா. நான் கத்துவேன். பரீட்சையில மாடியில நடக்குறதுக்கா மார்க் குடுக்குறாங்கன்னு. எங்க வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாடி இருந்து சிரிப்பாரு.

அப்ப என்கூட இருந்தவங்க பெரியக்கா. பெரியக்கான்னா வயசுல ஒண்ணும் ரொம்பப் பெரியவங்க இல்ல, என்னை விட அஞ்சு வருஷம் மூப்பு, சர்வீஸ்ல மூணு வருஷம். பேசவே மாட்டாங்க. பேசினா வெடுக்குனு இருக்கும். யாருக்கும் அவங்களைப் பிடிக்காது. முக்கியமா எனக்கு. ஏன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வானமே இடிஞ்சு விழுந்தாலும், கையுறையைக் கழட்டி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. பத்து நிமிஷம். எங்க போறாங்கன்னு ஒருநாள் பின்னாடியே போயிப் பாத்தேன். பின்பக்கம் இரும்புப் படி இருக்குல்ல, தீ பிடிச்சா இறங்குற படி, அதுல மூணாவது படியில உக்காந்து, செருப்பைக் கழட்டிட்டு, கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. போன் கூட இல்ல கையில. எனக்கு எரிஞ்சுச்சு. இங்க கூட்டம் மொய்க்குது, மகாராணிக்குக் காத்து வாங்க வேண்டி இருக்குன்னு.

ஒரு தடவை கேட்டும் பாத்தேன், எப்படிக்கா உங்களால போக முடியுதுன்னு. அவங்க சொன்னாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல எனக்குக் கண்ணு திறந்திருக்கும், ஆனா பாக்காது, அதான் போறேன்னு. நான் காதுல போட்டுக்கல. சோம்பேறிக்குச் சொல்றதுக்கு ஒரு காரணம்னு நெனச்சேன்.

அம்மா, பன்னெண்டு அஞ்சுக்கும்மா. இப்ப இல்ல. ரிப்போர்ட்டா? ரிப்போர்ட்னா அடுத்த பில்டிங், மாடியில. ஆமா, அங்கதான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங். உங்களுக்கு இந்த வேலை என்னன்னு தெரியுமா தம்பி? வெளிய இருந்து பாத்தா பையை எடுத்து நீட்டுறது மட்டும்தான் தெரியும். உங்க வீட்டு ஆளோட ரத்தம் ஒரு டியூப்புல வரும். அதுல ஒரு சொட்டை எடுத்து, நாங்க குடுக்கப் போற பையில இருந்து ஒரு சொட்டை எடுத்து, ரெண்டையும் சேத்துச் சுத்த விட்டுப் பாக்கணும். ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போச்சுன்னா வழவழன்னு இருக்கும். ஒத்துக்கலன்னா பால் திரியிற மாதிரி திரியும், துணுக்கு துணுக்கா. அந்தத் திரியிறது டியூப்புல நடந்தா ஒண்ணுமில்ல, கொட்டிட்டு வேற பையை எடுப்போம். ஆளுக்கு உள்ள நடந்தா?

அதனாலதான் ரெண்டு கையெழுத்து. ஒருத்தர் பாத்து எழுதணும். இன்னொருத்தர் முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பப் பாத்துட்டு எழுதணும். ரெண்டும் இருந்தாத்தான் பை வெளிய போகும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் ஒரு பஸ்ஸு கவுந்துருச்சு. காலையில எட்டு மணிக்கு. இருபத்தேழு பேரைக் கொண்டு வந்து போட்டாங்க. இந்த வராந்தா முழுக்க ஆளுங்க. ஒருத்தன் ஒரு கால் செருப்போட ஜன்னல்ல தொங்கிட்டு நிக்கிறான், என் தங்கச்சி என் தங்கச்சின்னு. நாங்க ரெண்டு பேரும் உள்ள பேயா வேலை பாக்குறோம். பேச்சு கிடையாது. டியூப்பு, சொட்டு, சுத்து, பாரு, எழுது. டியூப்பு, சொட்டு, சுத்து, பாரு, எழுது. எனக்கு அதுல ஒரு வெறி வந்துரும் தம்பி, சொல்லக்கூடாது, ஒரு சந்தோஷம் கூட. நான் இல்லன்னா இந்த இடமே நின்னு போயிரும்ங்கிற மாதிரி.

பத்து மணிக்குப் பெரியக்கா எந்திரிக்கல. சரி, அன்னிக்காவது புத்தி வந்துச்சேன்னு நெனச்சேன். பத்தே முக்காலுக்குக் கையுறையைக் கழட்டுனாங்க. நான் எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டேன், இப்பவாக்கா? அவங்க திரும்பிப் பாத்தாங்க. இப்பத்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஜன்னல்ல நின்ன கூட்டம் அவங்களைத் திட்டுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. நல்லாத் திட்டட்டும்னு.

அந்தப் பத்து நிமிஷத்துலதான் மேல சர்ஜரி வார்டுல இருந்து ஒரு பை கேட்டு வந்தாங்க. குடல் ஆபரேஷன் பண்ணின ஒரு அம்மா. ரத்தம் நிக்கல. வார்டு ஆளு ஜன்னலைப் போட்டு அடிக்கிறான். நான் ஏற்கனவே மேட்சிங் பாத்து முடிச்சு பை ரெடியா இருக்கு. ரெண்டாவது கையெழுத்து மட்டும் பாக்கி. பெரியக்கா இரும்புப் படியில கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காங்க. போயிக் கூப்பிட ஒரு நிமிஷம். அவங்க வந்து முதல்ல இருந்து பாக்க எட்டு நிமிஷம்.

நானே போட்டேன்.

ஆமா. அவங்க கையெழுத்தை. முதல் தடவைன்னு சொன்னா பொய். அதுக்கு முன்னாடியும் நாலஞ்சு தடவை போட்டிருக்கேன், கூட்டமா இருக்குற அன்னிக்கு. அவங்களுக்குத் தெரியாது. என் மேட்சிங் தப்பா போனதே இல்ல தம்பி, பதினாறு வருஷம். மெஷின்ல தப்பு வருமா?

பையைக் குடுத்தேன். அவன் ஓடினான். நான் அடுத்த டியூப்பை எடுத்தேன்.

பெரியக்கா திரும்பி வந்தாங்க. மூஞ்சி கழுவியிருந்தாங்க, தாடையில தண்ணி சொட்டிட்டு இருக்கு. இன்னும் கையுறை கூடப் போடல. டியூப்பு வைக்கிற ஸ்டாண்டைப் பாத்தாங்க. சும்மா, ஒரு பார்வை. பாத்துட்டு, இந்த டியூப்பு ஏன் இங்க நிக்குதுன்னு கேட்டாங்க. எந்த டியூப்புக்கா? அவங்க அதை எடுத்து என் கண்ணுக்கு நேரா நீட்டுனாங்க. பேரு அந்தக் குடல் ஆபரேஷன் அம்மா பேருதான். வார்டு வேற. பஸ்ல அடிபட்டு வந்த பொம்பளை ஒருத்திக்கும் அதே பேரு. ரெண்டு டியூப்பு, ஒரே பேரு. நான் ஒண்ணைப் பாத்து இன்னொண்ணுக்கு எழுதிட்டேன். வார்டு நம்பர் இவ்வளவு பெருசா எழுதியிருக்கு. மூணு மணி நேரமா என் கண்ணு முன்னாடியே இருக்கு. கண்ணு திறந்துதான் இருந்துச்சு.

நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி அவங்க ஓட ஆரம்பிச்சுட்டாங்க. லிஃப்ட் கீழ இல்ல. நாலு மாடி. அவங்களுக்கு முட்டி வலி, மாத்திரை போடுவாங்க. நான் போனை எடுத்து வார்டுக்கு அடிக்கிறேன், பிஸி, அடிக்கிறேன், பிஸி. அன்னிக்கு எந்த வார்டு போன்தான் சும்மா இருந்துச்சு.

அவங்க போய்ச் சேர்றப்ப ரத்தம் ஏற ஆரம்பிச்சு ஆறு நிமிஷம் ஆச்சு. அந்த அம்மா உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதாம். முதுகு வலிக்குதுன்னு அழுதாங்களாம். நர்ஸு குளிருதுன்னு நெனச்சு இன்னொரு போர்வையைப் போத்தியிருக்கு. பெரியக்கா போயி யாரையும் கேக்காம குழாயை மூடிப் பிடுங்கிட்டாங்களாம்.

பொழைச்சாங்க. பொழைச்சாங்க தம்பி, மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க. பதினோரு நாள் ஐ.சி.யு. கிட்னி நின்னு போயி, மூணு தடவை டயாலிசிஸ் பண்ணி, அப்புறம் மெதுவா அதுவே ஓட ஆரம்பிச்சுருச்சு. வீட்டுக்குப் போறன்னிக்கு அவங்க வீட்டுக்காரர் இந்த ஜன்னலுக்கு வந்தாரு. கையில ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட். ரத்தம் குடுத்த கைம்மா இதுன்னு சொல்லி, ஜன்னல் வழியா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அவருக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் முழுசாச் சொல்லல. ஒவ்வாமைன்னு சொல்லியிருந்தாங்க. நானும் சொல்லல. பாக்கெட்டை வாங்கி வச்சுக்கிட்டேன். என்னத்தைச் சொல்ல.

விசாரணை வச்சாங்க. ரூம் நம்பர் ஆறுலதான். ஆபீசர், வெளிய இருந்து வந்த ரெண்டு டாக்டர். மேசை மேல அந்தப் பேப்பர். ரெண்டு கையெழுத்து. பெரியக்கா அதைப் பாத்தாங்க. அவங்க முதல் எழுத்துக்கு ஒரு சுழி போடுவாங்க, நான் போட்ட சுழி உருண்டையா இருக்காது, கொஞ்சம் நீளம். பாத்த உடனே அவங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. எனக்குத் தெரியும், தெரிஞ்சுருச்சுன்னு. ஏன்னா தலையைத் தூக்கி என்னைப் பாத்தாங்க.

நான் ஜன்னல் கம்பியை எண்ணிட்டு இருந்தேன்.

நீங்கதான் சரிபார்த்தீங்களான்னு கேட்டாங்க. பெரியக்கா சொன்னாங்க, அந்த நேரத்துல நான் சீட்ல இல்ல. அப்ப கையெழுத்து எப்படி வந்துச்சு? அவங்க பதில் சொல்லல. அப்படியே உக்காந்திருந்தாங்க. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். ஆபீசரா ஒண்ணைக் கட்டி எடுத்துக்கிட்டாரு, பாக்காமலே கையெழுத்தைப் போட்டுட்டு இவங்க வெளிய போயிட்டாங்கன்னு. இருபத்தேழு பேரு ரத்தத்துக்குக் கிடக்குறப்ப ஓய்வெடுக்கப் போனீங்களான்னு கேட்டாரு. அந்த ஓய்வுங்கிற வார்த்தையை அவர் சொன்ன விதம் இருக்கே, ஏதோ திருட்டு மாதிரி. அதையேதான் ஃபைல்லயும் எழுதுனாங்க. நெருக்கடி நேரத்தில் பணியிடத்தை விட்டு விலகினார்னு.

என்னை ஒண்ணுமே கேக்கல. மெஷின் அன்னிக்கு எழுந்திருக்கவே இல்லன்னு பத்து பேரு சாட்சி.

வெளிய வந்தோம். இதே வராந்தா. பெரியக்கா முன்னாடி நடக்குறாங்க, முட்டியைத் தாங்கித் தாங்கி. நான் பின்னாடி. திரும்பிப் பாக்காமலே சொன்னாங்க, நீயே சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன்.

அவ்வளவுதான். கத்தியிருந்தா பரவாயில்ல. ஒரு அறை விட்டிருந்தாக் கூட.

அவங்களை ஃபைல் ரூமுக்கு மாத்துனாங்க. ரெண்டு மாசத்துல வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த ரெண்டு மாசமும் நான் தினம் அந்த ரூமைத் தாண்டிப் போவேன். கதவு திறந்துதான் இருக்கும். ஒருநாள் கூட உள்ள போகல.

அப்புறமா? அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு, அந்தக் கையெழுத்து நான் போட்டதுன்னு எழுதிக் குடுத்தேன். ஏன் ஒரு வருஷம்னு கேக்காதீங்க. வீட்டுக்காரர்கிட்ட முதல்ல சொன்னேன். அவர் பேப்பரை மடிச்சு வச்சாரு. அப்புறம், பேனா வேணுமான்னு கேட்டாரு. நாலு பக்கம் எழுதுனேன். ஆபீசர் படிச்சுட்டு, முடிஞ்சு போன விஷயத்தை ஏம்மா கிளறுறேன்னாரு. நான் அங்கேயே நின்னேன். போகல. கடைசியில என்மேல எச்சரிக்கைன்னு ஒரு பேப்பர் போட்டாங்க. பெரியக்கா ஃபைல்ல அந்த ஒரு வரியை அடிச்சாங்க. அவங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அக்கா, எழுதிக் குடுத்துட்டேன், அந்த வரியை அடிச்சுட்டாங்கன்னு. சரின்னாங்க. வச்சுட்டாங்க. அந்தச் சரியில என்ன இருந்துச்சுன்னு இன்னும் எனக்குப் பிடிபடல.

அதுக்கப்புறம்தான் இந்த போர்டு. மீட்டிங்ல கேட்டேன், ரெண்டு மணி நேரத்துக்குப் பதினைஞ்சு நிமிஷம் வேணும், எனக்கும் கூட இருக்குறவருக்கும் மாத்தி மாத்தின்னு. ஆள் பத்தாதுன்னாங்க. மறுபடி கேட்டேன். பாக்கலாம்னாங்க. மூணாவது தடவை நான் கேக்கல, அட்டையை வெட்டி நானே எழுதி மாட்டிட்டேன். எவ்வளவு ஏச்சு தெரியுமா. ஒரு பெரியவர் செருப்பைத் தூக்குனாரு. எங்க ஆளுங்களே சொல்றாங்க, மெஷின் துருப்பிடிச்சுப் போச்சுன்னு. சொல்லட்டும். வெளிய வந்து இங்க உக்காருவேன். செருப்பைக் கழட்டுவேன். எனக்குப் பெரியக்கா மாதிரி கண்ணை மூடி உக்கார வரல, கையைக் காலை ஆட்டிட்டு வர்றவங்க போறவங்களைப் பாப்பேன். அவ்வளவுதான். திரும்பி உள்ள போனா எழுத்தெல்லாம் கொஞ்சம் பெருசாத் தெரியும்.

மணி என்ன ஆச்சு? ரெண்டா? பன்னெண்டு ரெண்டா. சரி.

இன்னிக்கு ஏன் பதினொண்ணு அம்பதுக்குன்னா? கரெக்டாத்தான் கேக்குறீங்க. ஏழு மணிக்கு வந்தா ஒம்போது மணிக்கு ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை. அதான் கணக்கு. இன்னிக்கு ஒம்போதுக்கும் போகல, பதினொண்ணுக்கும் போகல. மீசைக்காரர் இல்ல. காலையில இருந்து பதினாலு பேப்பர். நீங்க வேற எட்டரைக்கே வந்து நின்னுட்டீங்க, அப்புறம் ஒம்பதரைக்கு, அப்புறம் பத்தேகாலுக்கு. உங்களைக் குத்தம் சொல்லல. நானா இருந்தாலும் வந்து நிப்பேன். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு முடிச்சுட்டுப் போயிருவோம்னு பழைய பழக்கம் வந்து தோள்ல உக்காந்துக்கிச்சு. அது போகாது போல தம்பி. மூணு வருஷம் ஆனாலும் எங்கயோ மூலையில உக்காந்துட்டுத்தான் இருக்கு.

அதோ வர்றாரு மீசைக்காரர். கேட்டைத் தாண்டிட்டாரு. பாருங்க, தொப்பையைத் தூக்கிக்கிட்டு எப்படி ஓடி வர்றாருன்னு. பாவம், வெயில்ல.

தம்பி, எந்திரிங்க. மேல போவோம். நானும் வர்றேன்.

உங்க வீட்டம்மாகிட்ட மறுபடி ஒரு டியூப்பு ரத்தம் எடுக்கணும். நான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்க, சிஸ்டர் எடுக்கணும், கட்டில் பக்கத்துலயே நின்னு பேரு எழுதணும். காலையில நீங்க கொண்டு வந்த டியூப்பு ஆகாது. அதுல நான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன். பத்து மணி வாக்குல. கூட வந்த இன்னொரு டியூப்போட மாறிப் போச்சு.

இல்ல, ஏத்தல. யாருக்கும் ஏத்தல. ரெண்டு பையும் குடுக்கக்கூடாதுன்னு சிவப்பு டேக் கட்டி உள்ளதான் பூட்டி வச்சிருக்கேன். அந்த இன்னொரு ஆளுக்கு நாளைக்குத்தான், அவங்க வார்டுக்கும் சொல்லிட்டேன்.

பதினொண்ணு அம்பதுக்கு நீங்க ஜன்னல்ல கையை நீட்டுனீங்களே, அப்ப உங்க பை என் கையில இருந்துச்சு. எல்லாம் எழுதியாச்சு. மீசைக்காரர் கையெழுத்து மட்டும் பாக்கி. நான் பேனாவை வச்சுட்டேன் அந்தக் கட்டத்துல. முதல் கோடு இழுத்துட்டேன், தம்பி. கையை நிறுத்துறதுக்காக, வேற எதையாவது பாக்கணுமேன்னு உங்க பேப்பரைத் திருப்புனேன். அடியில எழுதியிருக்கு, முதல் பிரசவத்தப்ப பாத்தது, பி குரூப்புன்னு. என் கையில இருக்குற பை ஏ. காலையிலயே அந்தப் பேப்பரை வாங்கிப் படிச்சவ நான்.

உங்ககிட்ட சொல்லத்தான் சாத்திட்டு வெளிய வந்தேன். வாய் வரல. அதான் எதெதையோ.

ரெண்டு மணிக்குள்ள ஆயிரும். டியூப்பு கைக்கு வந்தா நாப்பது நிமிஷம், அவர் பாக்க எட்டு நிமிஷம். இந்தத் தடவை முழு எட்டு நிமிஷமும் அவர் பாப்பாரு. ஆறாம் நம்பர் ரூமுக்கு நானே எழுதிக் குடுக்குறேன், உங்க புகாரையும் சேத்துக் குடுங்க.

கோபப்படுங்க. வேணாம்னு சொல்லல. நடந்துக்கிட்டே கோபப்படுங்க, லிஃப்ட்டுக்கு நிக்க வேண்டாம், படி இந்தப் பக்கம்.